கோப்ரே என்னும் காட்டா: பெயரும் பொருளும் அளவையும்

ஒரு பொருள் உண்டு என்பதனை எவ்வாறு அறிகிறோம்? அஃது இல்லை என்பதனை எவ்வாறு அறிகிறோம்? இவ்விரு வினாக்களுள் முன்னையது எளிது போலவும் பின்னையது அதனினும் எளிது போலவும் தோன்றும். ஆயின், ஆய்வு நெறியில் நின்று நோக்குவார்க்குப் பின்னையதே அரிது. மறைந்து போன நூல்களைப் பற்றிப் பேசும் தமிழ் ஆராய்ச்சியாளர் இவ்வருமையை நன்கு உணர்வர். நூலின் பெயர் உண்டு. உரையாசிரியர் காட்டிய மேற்கோள் சில உண்டு. நூலோ கைக்கு எட்டவில்லை. அந்நூல் அழிந்தது என்று துணிவதா, யாண்டேனும் ஓர் ஏட்டுக் கட்டில் உறங்குகின்றது என்று எண்ணுவதா?

இதே சிக்கல் உயிரியலார்க்கும் நேர்ந்துள்ளது. கம்போதிய நாட்டின் காடுகளில் வாழ்ந்த கோப்ரே என்னும் காட்டுப்பசு அதற்குத் தக்க சான்றாகும். 1937ஆம் ஆண்டில் அறிவியலுலகு இதனைப் பெயரிட்டு ஏற்றது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் இதன் தொகை மிகச் சுருங்கிற்று. 1969-70ஆம் ஆண்டளவிற்குப் பின்னர், ஐயத்துக்கு இடமின்றி இதனை உயிருடன் கண்டவர் இலர். இடைப்பட்ட காலத்தில் இது தனியினந்தானா என்ற ஐயமும் எழுந்து அடங்கியது. இவ்விலங்கின் வரலாற்றை, மணிமேகலையில் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை தொகுத்துக் கூறும் அளவைகளுள் ஐதிகம், காண்டல், கருதல், அபாவம் என்னும் நான்கினையும் துணையாகக் கொண்டு ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

பெயர்

கெமர் மொழியில் 'கோ' என்பது பசுவினத்தையும், 'ப்ரே' என்பது காட்டையும் குறிக்கும். எனவே, கோப்ரே என்பதன் பொருள் காட்டுப்பசு என்பதே. ஐரோப்பியர் எழுதிய எழுத்து வடிவைக் கொண்டு கூப்ரே என ஒலிப்பாரும் உளர். கெமர் ஒலிக்கு அணுக்கமானது கோப்ரே என்பதே ஆதலின் அதனையே மேற்கொள்கிறோம். முதற்சொல் வடமொழிக் 'கோ' என்பதனோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. தமிழிலும் அச்சொல் பசு என்னும் பொருளில் வழங்குதல் யாவரும் அறிந்ததே.

கம்போதியக் காடுகளில் காட்டுப் பசுவினம் மூன்று இருந்தன. ஒன்று, நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இன்று காணப்படுவது. சங்க நூல்கள் ஆமா என்றும் ஆமான் என்றும் குறிப்பிடுவது. மக்கள் வழக்கில் அது காட்டெருமை எனப் பிழைபட வழங்கினும், எருமையினத்தைச் சார்ந்ததன்று. கெமர் மக்கள் அதனைக் 'க்திங்' என்பர். மற்றொன்று, சாவகம் முதலிய தீவுகளிலும் வாழும் பாண்டெங். அதற்குக் கெமர்ப் பெயர் 'தன்சோங்' என்பது. மூன்றாவதே கோப்ரே. ஏனைய இரண்டற்கும் தனிப்பெயர் இருக்க, இதற்கு மட்டும் காட்டுப்பசு என்னும் பொதுநிலைப் பெயர் அமைந்தது நோக்கத்தக்கது. பொதுச்சொல் ஒன்று சிறப்புப் பெயராய் நிற்கும்போது, அதனைக் கூறுவோர் எப்பொருளைக் கருதினர் என்பதனை இடம் நோக்கியே துணிதல் வேண்டும். காட்டில் வாழ்வோர் ஒருவர் 'காட்டுப்பசுவைக் கண்டேன்' என்றால், அவர் கண்டது கோப்ரேயோ வேறொன்றோ என்னும் ஐயம் பெயரளவிலேயே தோன்றிவிடுகிறது.

காட்சி

கம்போதியாவில் கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய சோவெல் என்பார் இல்லத்தில் இருந்த கொம்புகளே பிரெஞ்சு அறிஞர் ஆசீல் உர்பேனின் கருத்தை முதலில் ஈர்த்தன. உர்பேன் பாரிசு நகரை அடுத்த வென்சென் விலங்குக் காட்சிச் சாலையின் தலைவர். வட கம்போதியாவில் பிடிக்கப்பட்ட இளங்காளை ஒன்று அச்சாலைக்குக் கொண்டுவரப்பட்டது. அதனை அடிப்படையாகக் கொண்டு 1937இல் அவர் இவ்வினத்தை விவரித்து, சோவெலின் பெயரால் 'போசு சோவெலி' எனப் பெயரிட்டார். இனம் முழுமைக்கும் சான்றாக நின்ற அக்காளை, இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில், 1940இல் இறந்தது. கோப்ரே பிற நாட்டு விலங்குக் காட்சிச் சாலை ஒன்றில் வாழ்ந்ததாக நாம் அறியும் செய்தி இஃது ஒன்றே.

1940இல் அமெரிக்க அறிஞர் ஆரல்டு கூலிட்சு, ஆர்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்திற்கு வந்த காளையின் உடற்கூற்றை ஆராய்ந்து நீண்டதொரு கட்டுரை வெளியிட்டார். பிற பசுவினங்களினின்று இது பெரிதும் வேறுபடுகின்றது எனக் கண்டு, 'நோவிபோசு' என்னும் தனிப் பேரினத்தை இதற்கென வகுத்தார். பின்வந்தோர் அதனைக் கொள்ளாது, இதனை மீண்டும் போசு என்னும் பேரினத்திலேயே சேர்த்தனர்.

கோப்ரேயின் உருவத்தைச் சுருங்கக் கூறுவோம். தோள் வரை உயரம் 1.7 மீட்டர் முதல் 1.9 மீட்டர் வரை. எடை ஏறத்தாழ 700 முதல் 900 கிலோகிராம் வரை. கன்று செம்பழுப்பு நிறத்தது. வளர்ந்த பசு சாம்பல் நிறத்தது. முதிர்ந்த காளை கரும்பழுப்பு அல்லது கருமை நிறத்தது. கால்களின் கீழ்ப்பகுதி வெண்மையானது. காளையின் கழுத்தில் தொங்கும் அலைதாடி முதுமையில் நிலத்தைத் தொடுமளவு நீளும். மூக்குத் துளைகள் பிளவுபட்டவை போல் அமைந்தவை.

கொம்புகளே இதன் தலையாய அடையாளம். பசுவின் கொம்பு யாழின் கோடு போல் வளைந்து மேனோக்கித் திருகியிருக்கும். காளையின் கொம்போ அகன்று விரிந்து, முன்னோக்கி வளைந்து, மேலெழும். அக்கொம்பின் நுனி, காளை வளர்ந்த பின்னர், நார் நாராய்ப் பிரிந்து குஞ்சம் கட்டியது போல் நிற்கும். காளைகள் மண்ணையும் மரத்தடிகளையும் கொம்பால் குத்திக் கிளறும் இயல்பின. அதனாலேயே நுனி தேய்ந்து நார் பிரிகின்றது என்பர்.

காட்டில் இதன் வாழ்க்கையை நேரிற் கண்டு எழுதியவருள் முதன்மையானவர் சார்லசு வார்ட்டன். 1950களின் தொடக்கத்தில் இவர் கோப்ரேயை அசையும் படமாகவும் எடுத்தார். 1957இல் இவரது ஆய்வு நூல் வெளிவந்தது. இலையுதிர் காடும் புல்வெளியும் விரவிய நிலமே இதன் உறைவிடம். புல்லே உணவு. உப்பு மண் உள்ள இடங்களையும் நீர்நிலைகளையும் நாடிச் செல்லும். வெயில் மிகும் பொழுதில் அடர்ந்த காட்டினுள் ஒதுங்கும். கூட்டத்தை நடத்துவது பசுவே. சில வேளைகளில் பாண்டெங்கோடும் காட்டெருமையோடும் கூடி மேய்தலும் உண்டு. இவ்விறுதிச் செய்தி பின்னர் எழுந்த பெரிய ஐயத்துக்கு ஒரு வித்தாயிற்று என்பதனை மேலே காண்போம்.

1964இல் வார்ட்டன் மீண்டும் சென்று, காப்பினத்தை வளர்க்கும் நோக்குடன் ஐந்து கோப்ரேக்களைப் பிடித்தார். அவற்றுள் இரண்டு இறந்தன, மூன்று தப்பியோடின. அம்முயற்சி வென்றிருப்பின் இக்கட்டுரையின் பொருளே வேறாகியிருக்கும். அதன் பின்னர் இவ்வினத்தை மனிதர் காப்பில் பெருக்கும் வாய்ப்பு வாய்க்கவில்லை.

மறைவின் காரணங்கள்

1940ஆம் ஆண்டளவில் இவ்வினத்தின் தொகை ஏறத்தாழ ஆயிரம் என மதிப்பிட்டனர். 1960களின் இறுதியில் நூற்றுக்கும் குறைவு என்ற மதிப்பீடு எழுந்தது. இவை எண்ணிக் கண்ட எண்கள் அல்ல; மதிப்பீடுகளே. எனினும், வீழ்ச்சியின் போக்கினை இவை தெளிவாகக் காட்டுகின்றன.

1960களில் கம்போதியாவின் தலைவராயிருந்த நரோத்தம் சீகனூக் கோப்ரேயை நாட்டின் விலங்காக அறிவித்தார். குலென் ப்ரோம்தெப் முதலிய காப்பிடங்கள் இவ்விலங்கினை முன்னிட்டு அமைந்தன. அண்டை நாடாகிய தாய்லாந்தும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில், முற்றாகக் காக்கப்பட வேண்டிய ஒன்பது விலங்குகளுள் ஒன்றாக இதனைச் சேர்த்தது. சட்டம் இருந்தது, அமைதி இருக்கவில்லை. 1969 முதல் 1973 வரை கம்போதியாவின் மீது அமெரிக்க வானூர்திகள் குண்டு பொழிந்தன. 1970இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூச்சு ஆட்சியில் மக்களே பெருந்தொகையினராக மடிந்தனர். அதன் பின்னரும் 1990கள் வரை எல்லைக் காடுகளில் போர் ஓயவில்லை. படைக்கருவி எளிதிற் கிடைத்த காட்டில், பேருருவும் மிகுந்த இறைச்சியும் விலைபோகும் கொம்பும் உடைய விலங்கு எங்ஙனம் தப்பும்? கோப்ரே வாழ்ந்த நிலப்பரப்பே போர் நடந்த நிலப்பரப்பாகவும் அமைந்தது அதன் தீயூழ் எனலாம்.

தனியினமா, கலப்பா?

கோப்ரே தனியினமன்று, கலப்பினம் என்னும் கருத்து 1940களிலும் 1950களிலுமே சிலரால் கூறப்பட்டது. ஒரே காட்டில் பாண்டெங்கும் ஆமாவும், ஊர்ப்புறத்தில் திமில் மாடும் இருந்தமையின் அக்கருத்துக்கு இடம் இருந்தது. 2006இல் அது புதுவலிமை பெற்றது. கால்பிரேத்து முதலிய அமெரிக்க ஆய்வாளர், கம்போதியப் பாண்டெங்கின் இழைமணி மரபணுவை ஆராய்ந்து, அது கோப்ரேயினதோடு பெரிதும் ஒத்திருத்தலைக் கண்டனர். எனவே, கோப்ரே என்பது பாண்டெங்கும் திமில் மாடும் கலந்து பிறந்து காடேறிய கலப்பின் வழித்தோன்றலே ஆகலாம் என்றனர். இஃது உண்மையாயின், ஒரு நாடு தன் விலங்காகப் போற்றிய ஒன்று, ஊரை விட்டோடிய மாட்டின் வழிவந்தது என்றாகும். அழிந்ததோ என்று வருந்துதற்குத் தனியினம் ஒன்று இருந்ததே இல்லை என்றும் ஆகும்.

இவ்விடத்துக் கருதல் அளவையின் நுட்பம் வெளிப்படுகின்றது. உயிரணுவினுள் மரபுச் செய்தி இருவகையில் உள்ளது. உட்கருவில் உள்ளது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருவது. இழைமணியில் உள்ளது தாய்வழி மட்டுமே இறங்குவது. எனவே, இழைமணியின் ஒற்றுமை தாய்வழியில் ஓர் உறவு உண்டு என்பதனையே காட்டும். யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதனைத் தானே காட்டாது.

பாடவேறுபாடு ஆராய்வார்க்கு இது புதிதன்று. இரண்டு ஏடுகளில் ஒரு பாடம் ஒத்திருப்பின், முன்னது பின்னதைப் பார்த்ததா, பின்னது முன்னதைப் பார்த்ததா, இரண்டும் மூன்றாவதொன்றைப் பார்த்தனவா என்பதனைப் பிற பாடங்கள் அனைத்தையும் ஒப்புநோக்கியே துணிகிறோம். ஓரிடத்து ஒற்றுமை கொண்டு ஏடு முழுதும் ஒன்றன் படி என்று கூறுவாரில்லை.

2007இல் அசனேன், ரோப்பிக்கே என்னும் இருவர் இந்நெறியே சென்றனர். அவர்கள் கோப்ரேயின் இழைமணியோடு உட்கரு மரபணுவையும் ஆராய்ந்தனர். உட்கருவில் கோப்ரேக்கே உரிய தனிக்கூறுகள் இருந்தன. கம்போதியப் பாண்டெங்கோ உட்கருவால் பாண்டெங்காகவும், இழைமணியால் கோப்ரேயாகவும் நின்றது. சாவகத்துப் பாண்டெங்கின் இழைமணி வேறாக இருந்தது. எனவே, பண்டொரு காலத்தில் கோப்ரேப் பசுவோடு பாண்டெங் காளை கூடியதன் பயனாகக் கடன் கொண்டது கம்போதியப் பாண்டெங்கே என்பது தெளிவாயிற்று. ஏட்டு வழக்கிற் கூறின், பாண்டெங் ஏட்டில் கோப்ரேயின் பாடம் ஒன்று புகுந்திருந்தது; அதனைக் கண்டோர் கோப்ரே ஏட்டையே போலி என்று கருதிவிட்டனர். தம் முந்தைய முடிபு நில்லாது என்பதனைக் கால்பிரேத்து முதலியோரும் அவ்வாண்டிலேயே ஏற்றனர். ஆய்வுலகில் போற்றத்தக்க செயல் இது. 2021இல் பழைய எலும்புகளிலிருந்து பெற்ற முழு மரபுத் தொகுதியும் ஆராயப்பட்டது. ஆமா, பாண்டெங், கோப்ரே என்னும் மூன்றும் ஒரு மூதாதையிடமிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் பிரிந்தவை என்பதும், பிரிந்த பின்னரும் தம்முள் ஓரளவு கலந்தன என்பதும் அதனாற் புலனாயின.

பெயரிட்டும் அறியாதது

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பிரான்சு நாட்டின் பூர்சு நகர அருங்காட்சியகத்தில் பதப்படுத்திய மாடு ஒன்று நிற்கின்றது. 1871இல் பாரிசில் பதப்படுத்தப்பட்டு, 1931இல் பூர்சுக்கு அனுப்பப்பட்டது. அதன் குறிப்பில் கம்போதியாவின் வீட்டு மாடு என்றே எழுதப்பட்டிருந்தது. 2006இல் ஆராய்ந்தபோது அதன் உருவமும் மரபணுவும் கோப்ரேயோடு ஒத்திருந்தமை புலனாயிற்று. அறிவியல் 1937இல் புதிது என்று பெயரிட்ட இனம், அறுபத்தாறு ஆண்டுகட்கு முன்னரே பாரிசு நகரத்தில் வேறு பெயருடன் இருந்திருக்கிறது! கோப்ரே ஒரு காலத்தில் வீட்டு விலங்காகவும் பழக்கப்பட்டிருத்தல் கூடும் என்னும் கருத்தும் இதனால் எழுந்தது. பிழையான தலைப்பின் கீழ்ப் பதியப்பட்டு நூலகங்களில் மறைந்து கிடக்கும் சுவடிகளை இச்செய்தி நமக்கு நினைவூட்டுகின்றது.

கொம்பு கூறிய மெய்யும் பொய்யும்

உலகோர் வழிவழிச் சொல்லி வருவதனை மெய்யெனக் கொள்ளுதல் ஐதிகம் எனப்படும். அதன் ஆற்றலையும் வரம்பையும் காட்டும் இரு நிகழ்ச்சிகள் கோப்ரேயின் அண்டை நிலத்திலேயே நிகழ்ந்தன.

1992இல் வியட்நாமின் வூ குவாங் காட்டுப் பகுதியில், வேட்டுவர் வீடுகளில் தொங்கிய நீண்ட கொம்புகளை ஆய்வாளர் கண்டனர். அவை எவ்விலங்கினுடையன என்பதனை அறிவியல் அறியாதிருந்தது. வேட்டுவர் அறிந்திருந்தனர். சாவோலா என்னும் அவ்விலங்கு மெய்யே என்பது விரைவில் நிலைநாட்டப்பட்டது. 2013இல் தானியங்கும் ஒளிப்படக் கருவியிலும் அதன் உருவம் பதிந்தது. இஃது ஐதிகம் மெய்யான இடம்.

1994இல், திருகிய கொம்புகள் சிலவற்றை மட்டும் கொண்டு மற்றொரு புதிய விலங்கு விவரிக்கப்பட்டது. கெமர் மக்கள் அதனைக் 'க்திங் வோர்' என்றனர். கொடி போன்ற கொம்புடைய ஆமா என்பது பொருள். அது பாம்பை உண்ணும் என்றும், அதன் கொம்பு நஞ்சுக்கு மருந்து என்றும் கூறினர். அறிவியலார் அதற்கிட்ட பெயரும் கூலிட்சு கோப்ரேக்கு இட்ட நோவிபோசு என்னும் பெயரின் முன் 'போலி' என்னும் பொருளுடைய அடையைச் சேர்த்து அமைந்ததே. 2001இல் அக்கொம்புகள் ஆராயப்பட்டன. அவை வீட்டு மாட்டின் கொம்புகள். கைவினைஞர் செதுக்கித் திருகி அமைத்தவை. பெயர் உண்டு, கதை உண்டு, கொம்பும் உண்டு. பொருள் மட்டும் இல்லை. போலி என்று இட்ட பெயர் பிறிதொரு வகையில் மெய்யாய் முடிந்தது.

ஒரே நிலம், ஒரே வகைச் சான்று, ஒன்று மெய், ஒன்று பொய். கோப்ரே இவ்விரண்டற்கும் இடையில் நிற்கவில்லை. அதன் உண்மை காட்சியாலும் மரபணுவாலும் உறுதிப்பட்டது. ஐயம் எஞ்சுவது அதன் இருப்பில். இன்றும் உளதோ என்பதிலேயே.

அபாவம்

இனி இறுதி வினாவிற்கு வருவோம். 1970களிலும் 1980களிலும் கோப்ரேயைக் கண்டதாகச் செய்திகள் வந்தன. சந்தைகளில் கொம்புகளும் காணப்பட்டன. ஆயின், கொம்பு அழியாப் பொருள்; அது விலங்கு இருந்ததற்குச் சான்றேயன்றி, இருப்பதற்குச் சான்றாகாது. 1990களிலும் பின்னரும் வான்வழியும் தரைவழியும் தேடினர். கிழக்குக் கம்போதியக் காடுகளில் தானியங்கும் ஒளிப்படக் கருவிகள் பலவாண்டுகளாகப் பாண்டெங், சிறுத்தை முதலியவற்றைப் பதிந்தன. கோப்ரே ஒன்றும் பதியவில்லை.

காணப்படாமை இன்மைக்குச் சான்றாதல் எப்போது? குடம் இங்கு இல்லை என்று கூறுவோன், குடம் இருந்தால் காணத்தக்க இடத்தையும் ஒளியையும் பெற்றிருத்தல் வேண்டும். இருட்டறையில் நின்று இல்லை என்பான் சொல் அளவையாகாது. 1980களில் கம்போதியக் காடு இருட்டறையாகவே இருந்தது. போரும் கண்ணிவெடியும் தேடுவாரைத் தடுத்தன. அக்காலத்துக் காணாமை ஒன்றையும் நிறுவாது. இன்றோ நிலை வேறு. கருவிகள் பல, ஆண்டுகள் பல, தேடிய நிலமும் அதன் உறைவிடமே. இக்காலத்துக் காணாமைக்கு எடை மிகுதி. எனவேதான், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2016ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இதனை மிகக் கடும் இடருக்குள்ளான இனம் எனக் குறித்து, அழிந்திருத்தல் கூடும் என்றும் சேர்த்துரைத்தது. 'கூடும்' என்னும் அச்சொல் தளர்ச்சியால் வந்ததன்று. அளவையின் எல்லையை அறிந்து வந்தது.

இச்சொல்லின் மீது நடைமுறைப் பயன் ஒன்றும் தொங்குகின்றது. இருக்கும் ஒன்றை அழிந்தது என முன்கூட்டி அறிவிப்பின், அதனைக் காக்கும் முயற்சி கைவிடப்படும். எஞ்சிய சிலவும் அவ்வறிவிப்பாலேயே அழியும். அழிந்த ஒன்றை உளது என நெடிது கருதிக்கொண்டிருப்பின், இன்றும் உயிருடன் இருந்து காப்பை வேண்டி நிற்கும் பாண்டெங் முதலியவற்றுக்குச் செல்ல வேண்டிய பொருளும் உழைப்பும் வீணாகும். இருபாலும் இழப்பு உண்டு ஆதலின், துணிபினை அவசரத்தாலும் ஆசையாலும் அமைத்தல் கூடாது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: கோப்ரே கலப்பன்று, தனியினமே. அதன் உறவுச் சிக்கலைத் தீர்த்தது ஓரிடத்து ஒற்றுமையன்று, பலவிடத்து ஒப்புநோக்கு. அதன் இருப்பைப் பற்றிய சான்றுகள் இன்மையின் பக்கமே சாய்கின்றன. எனினும் முற்ற முடிந்த முடிபு இன்னும் கூறப்படவில்லை.

2005ஆம் ஆண்டு அரச ஆணையால் கம்போதியா கோப்ரேயைத் தன் நாட்டு விலங்காக மீண்டும் உறுதி செய்தது. ஒருவரும் உயிருடன் கண்டு முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னர்ச் செய்யப்பட்டது அவ்வுறுதி. நம் நாட்டு ஆமாவுக்குப் பெயரும் உண்டு, பொருளும் உண்டு; கெமர் மக்களின் காட்டுப்பசுவுக்குப் பெயரே எஞ்சியுள்ளது போலும். அப்பெயரைத் தாங்கும் பொருள் காட்டில் எங்கேனும் உளதாயின், அதனைக் கண்டறிதற்குரிய காலம் மிகக் குறுகியது. இலதாயின், அது எவ்வாறு இலதாயிற்று என்பதனைப் பிழையறப் பதிந்து வைத்தலே ஆய்வாளர் அதற்குச் செய்யத்தக்க கடனாகும்.